முப்பத்திரண்டு வயதுச் சுவர்

கேரம் போர்டில் பவுடரை அள்ளிக் கொட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, சார். ஒரு சிட்டிகை போதும். அலி அக்பருக்கு எப்போதும் நான்தான் போடுவேன். இரட்டையர் ஆட்டத்தில் அவன் எதிரே உட்காருகிற ஜோடி நான். அவன் மாநிலக் கோப்பையை வாங்கியபோது பக்கத்தில் நின்றது இந்த பீம்ராவ்தான். போட்டோவில் என் தோள் பாதி தெரியும்.

ராயபுரத்தில் எங்கள் கிளப்புக்கு வந்திருக்கிறீர்களா? சுவரில் கணக்குக்கு ராமானுஜன், படையெடுப்புக்கு அலெக்சாண்டர், சண்டைக்கு புரூஸ் லீ. மூவரும் முப்பத்திரண்டு வயதில் போனவர்கள். தேடிப் பிடித்து மாட்டியவன் நான். நாலாவது எங்கள் காசிமேட்டு பாக்ஸர் அப்பாவு. அவரும் அதே வயதில்தான், மஞ்சள் காமாலை. இவர்கள் கிழடு தட்டித் தோற்று யாரும் பார்த்ததில்லை. கொடுத்துவைத்தவர்கள் என்று நான் சொன்னால் அக்பர் சிரிப்பான். "இன்னா பீமா, எனக்கும் ஆணி அட்ச்சு வெச்சுகினியா?" என்பான். அடித்துத்தான் வைத்திருந்தேன்.

போன வருஷம் அவன் விரல் நடுங்க ஆரம்பித்தது. பாக்கெட் வாயில் நிற்கிற சிவப்புக் காயைக்கூடக் கோட்டை விட்டான். நேற்று ஆட வந்தவனெல்லாம் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது, சார். அடுத்த வாரம் அவனுக்கு முப்பத்து மூன்று பிறக்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நடுங்குகிற யானைக்கு எவன் கொடுப்பான்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கிளப்புப் பையன் ஃபவாஸை ஜோடியாகச் சேர்க்கப்போவதாகச் சொன்னான். "தப்பா நெனைக்காத மாமு, அவனுக்குக் கை ஸ்டெடியா கீது. எனக்கு ஒரு சப்போட்டு வேணும்ல." நான் தப்பாக நினைக்கவில்லை. அது வேறு விஷயம்.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் எப்படி வருமென்று உங்களுக்கே தெரியும். மகள் உமைமாவுக்கு வாங்கிய பிரியாணியை மடியில் வைத்துக்கொண்டு, என் பைக்கின் பின்சீட்டில் பேசிக்கொண்டே வந்தான். லாரி பக்கத்தில் வந்தபோது வண்டியைப் பள்ளத்தில் விட்டேன். நான் இடப்பக்கம் விழுந்தேன். அவனை வலப்பக்கம் தள்ளினேன். எனக்கு முழங்கை சிராய்த்தது. எல்லாரும் விபத்து என்றார்கள். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

மய்யத்தை, அவன் உடலை, எடுக்கும்முன் அவன் அம்மா ஷம்ஷாத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "முப்பத்தொண்ணுதான்டா ஆவுது எம்புள்ளைக்கு. அப்போ இஸ்கூல்ல சேத்துக்க மாட்டேன்னாங்க, ஒரு வயசு ஏத்திச் சொன்னேன்டா பாவி நான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தொன்றுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. அவசரப்பட்டுவிட்டேன். அந்த ஒரு தப்பு உறுத்தித்தான் நானாகவே ஸ்டேஷன் படியேறி வந்தேன்.

"அவன் வயசு தெரிஞ்சிருந்தா வுட்ருப்பியா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒரு வாரம் பொறுத்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

ஆனால் அதற்கு முன்னாலேயே, ஞாயிற்றுக்கிழமை போட்டி, சார். அவன் எதிரே, என் நாற்காலியில், ஃபவாஸ் உட்கார்ந்திருப்பான்.