நடு சீட்டுக்காரர்

மாலை ஐந்தரை மணி. ஸ்பெயினில் சரகோசாவிலிருந்து தெருவேலுக்குப் போகும் பழைய சாலை. புது நெடுஞ்சாலை போட்ட பிறகு அந்தப் பக்கம் பன்றி ஏற்றிப் போகும் லாரிகளைத் தவிர எதுவும் போவதில்லை. அன்றைக்கு அதுவும் இல்லை. நவம்பர் மாதம். பனிமூட்டம்... ஹிலோக்கா பள்ளத்தாக்கில் இறங்குமே, அந்த மூட்டம். கையை நீட்டினால் விரல் தெரியாது.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். என் சிநேகிதி ப்ளாங்காவின் பெரியம்மா மகள் காசில்தாவுக்கு நடந்தது இது. சரகோசாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை.

அன்று மதியம் தெருவேலிலிருந்து தம்பி போன் செய்தான். அம்மாவுக்கு நெஞ்சுவலி. இரவு எட்டு மணிக்கு ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்களாம். மதியப் பேருந்து போய்விட்டது. காசில்தா செல்போனில் தேடினாள். ஒரே ஊருக்குப் போகிற அந்நியர்கள் ஒரு காரைப் பகிர்ந்துகொள்வார்களே, அதில் ஓர் இடம் கிடைத்தது.

கார் எலோய் என்பவருடையது. ஐம்பது வயது, தொப்பை, காரின் மேல் அப்படியொரு பாசம். கதவை மெதுவாகச் சாத்து, உள்ளே தின்னாதே என்று ஆயிரம் சட்டம். முன்சீட்டில் ததேயோ. ஒல்லி. பின்னால் உட்கார்ந்தால் அவனுக்குக் குமட்டுமாம். மாமனார் வீட்டுக்கு ஒரு முழு ஹாம் கொண்டுபோனான். துணியில் சுற்றிய பன்றித் தொடை, குளம்போடு. அது பின்சீட்டில் இடது ஜன்னலோரம் கிடந்தது. கார் கிளம்பியதும் டிங்... டிங்... டிங் என்று மணி அடித்தது. சீட்டில் எடை இருந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி.

"யோவ், உன் ஹாமுக்கு பெல்ட்டைப் போடுய்யா," என்றார் எலோய்.

"தூங்குது பாவம். எழுப்பாதீங்க."

வலது ஜன்னலோரம் இருந்த காசில்தா எட்டி, ஹாமுக்கு பெல்ட் மாட்டினாள். மணி நின்றது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அந்த நிலையிலும்.

நான்காவதாக ஒருவர் வழியில் ஏறவேண்டும். பெயர் ஹெர்மினியோ. செல்போன் பதிவில் ஆளுடைய படம் கிடையாது. ஏறும் இடம், எப்போதோ பூட்டிப்போன ஒரு சாலையோர பார். இறங்கும் இடம், தோர்ரெமூதா என்ற ஊர்.

ஐந்தரைக்கு அந்த பார் முன்னால் நின்றார்கள். யாரும் இல்லை. எலோய் போன் செய்தார், எடுக்கவில்லை. காசில்தா தம்பியோடு பேச இறங்கினாள். கதவைத் திறந்தே விட்டுவிட்டாள். மூன்று நிமிடம் இருக்கும். திரும்பி ஏறும்போது சீட்டு சில்லென்று இருந்தது. கதவு திறந்து கிடந்ததால் என்று நினைத்துக்கொண்டாள்.

"வரமாட்டான். இந்தக் குளிர்ல எவன் வருவான்?" என்று எலோய் வண்டியை எடுத்தார்.

டிங்... டிங்... டிங்...

"ததேயோ, உன் ஹாம் பெல்ட்டைக் கழட்டிருச்சு பாரு."

காசில்தா பார்த்தாள். ஹாமின் பெல்ட் போட்டபடியே இருந்தது. அவளுடையதும்தான்.

எலோய் முன்னால் ஒளிரும் சீட்டுப் படத்தை விரலால் தட்டினார். "நடு சீட்டுன்னு காட்டுது. உங்க பையை அங்க வச்சிருக்கீங்களா?"

"என் பை மடியில இருக்கு."

"அப்ப ஏதோ கோளாறு. அந்த பெல்ட்டையும் சும்மா மாட்டிவிடுங்க. காது வலிக்குது."

மாட்டினாள். க்ளிக். மணி நின்றது. நல்லது என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஒரு நிமிடம் கழித்துத் தற்செயலாக நடு சீட்டைப் பார்த்தாள்... காலி சீட்டில் பெல்ட் தட்டையாக அல்லவா கிடக்கவேண்டும்? கிடக்கவில்லை. வளைந்து நின்றது. ஒரு நெஞ்சைச் சுற்றி, ஒரு வயிற்றைச் சுற்றிப் போட்டதுபோல. லேசாக ஏறி, இறங்கியது. ஏறி... இறங்கியது.

ஈரக் கம்பளி வாசனை. ஆறிப்போன அடுப்புச் சாம்பல் வாசனை.

அவள் கதவோடு கதவாக ஒண்டினாள். அப்போது எலோய் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "அம்மா, தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துங்களேன். நடுவுல மறைக்குது. பின்னாடி ரோடு தெரியல."

"நான்... நான் ஜன்னலோரத்துல இருக்கேன்."

எலோய் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். அதன்பிறகு அவர் அதைப் பார்க்கவே இல்லை. கையை உயர்த்திக் கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பிவிட்டார். கழுத்தெல்லாம் வியர்வை.

ஐந்து நிமிடம் போயிருக்கும். காசில்தாவின் இடது தோளில் ஒரு கனம் விழுந்தது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் அசந்து தூங்கிச் சாய்வாரே, அதே கனம். அதே மெத்தனம். கோட்டுக்குள் குளிர் ஊறியது. அவள் அசையவில்லை. மடியில் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் முனகினாள்: "எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்கா... நான் அவளைப் பார்க்கணும்... அதுவரைக்கும் என்னை ஒண்ணும் செஞ்சிடாதே..."

அப்படியே அரைமணி நேரம் போன பிறகு மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பலகை வந்தது. 'தோர்ரெமூதா 6', வலது பக்கம் அம்புக்குறி. செல்போனில் வழி சொல்லும் பெண்குரல் வலது பக்கம் திரும்பச் சொன்னது. எலோய் திரும்பவில்லை. இன்னும் அழுத்தினார். பலகை பின்னால் போனது.

தோளில் இருந்த கனம் எழுந்தது.

பிறகு... க்ளிக். நடு பெல்ட் தானாகக் கழன்று உள்ளே ஓடியது. டிங், டிங், டிங், டிங். காசில்தாவின் மடிமேல் ஏதோ ஊர்ந்து கடந்தது, குளிராக, ஒரு கை நீளத்துக்கு. அவள் பக்கத்துக் கதவின் பூட்டு டக் என்று மேலே வந்தது. கைப்பிடி மெதுவாக இழுபட்டது. கதவு ஒரு விரல்கடை திறந்து, காற்று ஊளையிட்டது. கார் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! திருப்புங்க வண்டியை! இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போச்சு!" என்று கத்தினாள் காசில்தா.

"யாருக்கு?" என்று அலறினான் ததேயோ.

எலோய் பிரேக்கை மிதித்தார். கார் சறுக்கி, குறுக்கே நின்றது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது... மெதுவாக, அவருடைய சட்டப்படியே.

மணி ஆறே கால். அந்த ஊருக்குப் போய்வர இந்த மூட்டத்தில் அரைமணி நேரமாவது ஆகும். எலோய் முதல்முறையாக அவளை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். "உங்கம்மாவுக்கு எட்டு மணிக்கு ஆபரேஷன்னு சொன்னீங்கல்ல? லேட்டாயிடும். என்ன செய்யட்டும், சொல்லுங்க."

காசில்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவரை வச்சுக்கிட்டு நான் அம்மாகிட்ட போகமாட்டேன். திருப்புங்க."

தோர்ரெமூதாவில் ஒரு விளக்கும் இல்லை. கூரை விழுந்த வீடுகள். தெருவில் இடுப்பளவு முட்செடி. ஆள் போய் இருபது முப்பது வருடம் ஆகியிருக்கும். சேருமிடம் வந்துவிட்டதாகப் பெண்குரல் அறிவித்தது. இடதுபக்கம் ஹாம் அடைத்துக்கொண்டிருந்தது. நடு சீட்டுக்காரர் இறங்கவேண்டுமானால் காசில்தா இறங்கி வழிவிட வேண்டும்.

இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சீட்டின் மெத்தை உஸ்ஸென்று மூச்சுவிட்டு மேலெழும்பும் சத்தம். ஈரக் கம்பளி அவள் கன்னத்தை உரசிப்போனது. சரளையில் காலடி. ஒரு கால் நடந்தது, ஒரு கால் இழுபட்டது. சர்ர்... தப். சர்ர்... தப். பிறகு மூட்டத்துக்குள் எங்கோ இரும்பு வளையம் கதவில் மோதியது. மூன்று தட்டு.

கதவு திறந்தது. கீல் முனகியது. உள்ளேயிருந்து... அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை... பூண்டு வதங்கும் வாசனை வந்தது. யாரோ இராச்சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

தெருவேல் வந்தது. ததேயோ ஹாமைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினான். "நீங்களே வச்சுக்குங்க. அவரு பக்கத்துல உட்கார்ந்து வந்ததை எங்க மாமனாருக்கு நான் எப்படி வெட்டிக் குடுப்பேன்?" என்றான். எலோய் அதைப் பிறகு குப்பைத்தொட்டியில் போட்டாராம்.

ஏழு ஐம்பதுக்கு காசில்தா ஆஸ்பத்திரி நடைபாதையில் ஓடினாள். அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். முத்தம் கொடுக்க முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் அம்மா பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். காசில்தா லீவு போட்டுக் கூடவே இருந்தாள். நல்ல சூப் வைத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கு நிறம் திரும்பியது.

ஒரு ராத்திரி எலோய் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"ஒரு பதிவு வந்திருக்கு. ஹெர்மினியோ. நாளைக்குக் காலைல ஆறு மணி. தோர்ரெமூதா. ரெண்டு சீட்டு கேட்டிருக்கான். மூணு தடவை மறுத்துட்டேன், திரும்பத் திரும்ப வருது. ஏறும் இடம்..." அவர் ஒரு தெருவின் பெயரையும் கதவு எண்ணையும் வாசித்தார்.

அம்மாவின் வீடு.

"நான் காரை எடுக்கமாட்டேன். சத்தியமா எடுக்கமாட்டேன். உங்கம்மாவை மட்டும் பார்த்துக்குங்க."

காசில்தா வாசல் கதவை இரண்டு பூட்டு போட்டுப் பூட்டினாள். சாவியைத் தன் உள்ளாடையில் செருகிக்கொண்டாள். அம்மாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ப்ளாங்காவைப் போனில் அழைத்து எல்லாவற்றையும் கொட்டினாள். "விடியற வரைக்கும் லைன்லேயே இருடி. வச்சிடாதே." ப்ளாங்காவும் இருந்தாள். அதனால்தான் எனக்கு இவ்வளவும் தெரியும்.

ஐந்து மணிவரை பேசினார்கள். அதற்குமேல் காசில்தா கண்ணசந்துவிட்டாள். போனில் அவளுடைய மூச்சு மட்டும் ப்ளாங்காவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது நாற்காலி கிறீச்சிட்டது. "அம்மா?... அம்மா!" கட்டில் காலி. ஓடும் சத்தம். விளக்கு போடும் சத்தம்.

"கூடத்துல உட்கார்ந்திருக்கா ப்ளாங்கா," என்று காசில்தா கிசுகிசுத்தாள். "கறுப்புக் கோட்டு போட்டிருக்கா. கோயிலுக்குப் போட்டுட்டுப் போற ஷூ. மடியில கைப்பை." பிறகு குரலை உயர்த்தி, "எங்கேம்மா கிளம்பிட்டே? நீ அவனோட போகக்கூடாது. ரெண்டு சீட்டும் வேண்டாம்னு சொல்லியாச்சு. கேட்குதா?"

அதற்கு அம்மா சொன்ன பதில்தான் ப்ளாங்காவின் காதில் கடைசியாக விழுந்தது. ரொம்ப சாதாரணமான குரலில், கொஞ்சம் சலிப்போடு சொன்னாளாம்:

"அவன் எங்கேடி வரான்? அவன் அங்கே வீட்டுல காத்துக்கிட்டிருக்கான். ரெண்டு சீட்டும் நமக்குத்தான். சீக்கிரம் போய்க் கோட்டை மாட்டு."