சகலையும் சாய்ந்த தொப்பியும்

கழுத்துக்குட்டை கட்டுவது பார்ப்பதற்குத்தான் சுலபம், ஐயா. இறுக்கிக் கட்டினால் தொண்டைவலிக்காரன் போலத் தெரியும். தளர்த்திவிட்டால் குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டிய துணி மாதிரி இருக்கும். கட்டியும் கட்டாதது போல விட வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் உடையழகே அந்த அலட்சியத்தில்தான் இருக்கிறது. அதை வரவழைக்க நான் படாதபாடு பட்டேன்.

மீன் வைக்கும் குளிர்கிடங்கில் நான் மேற்பார்வையாளன். என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, காப்பீட்டு முகவர். தங்கமான மனிதர், அதை எங்கே கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஈயடிச்சான் காப்பி. நான் சாம்பல் நிற ஸ்கூட்டர் வாங்கினால் அவர் வாசலிலும் சாம்பல் நிற ஸ்கூட்டர் நிற்கும். நான் மீசையை எடுத்தேன், அவரும் எடுத்தார். ஒருநாள் மாமியார் சகலையின் சர்க்கரை மாத்திரையை என்னிடம் நீட்டி, "எந்த மாப்பிள்ளையா இருந்தா என்ன, முழுங்குங்க" என்றார். முழுங்கினேன். மயக்கம் தெளிந்து எழுந்தபோதுதான் முடிவு செய்தேன், நான் என்று ஒருவன் தனியாகத் தெரிந்தாக வேண்டும் என்று.

குடும்பப் படம் எடுக்க ஸ்டூடியோவில் சொல்லி வைத்திருந்தோம். அதற்காகத்தான் அந்த உடை. கருநீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை, கணுக்கால் தெரியும் கால்சட்டை, சிவப்புக் கழுத்துக்குட்டை, ஒரு காதின் மேல் சாய்ந்த வட்டக் கம்பளித் தொப்பி. "புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையா இருக்கு" என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வரவில்லை. மனதில் இருப்பதை உடம்பில் போட்டுக்கொண்டால் சிலருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அதைத் தங்கையிடம் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

படம் எடுக்கும் நாளில், சேர்ந்து போகலாம் என்று சகலை கிடங்குக்கு வந்தார். அதே கோடு, அதே கணுக்கால், அதே தொப்பி. சாய்ந்திருந்த காது கூட அதே காது.

நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். கழுத்துக்குட்டையை மட்டுமாவது கழற்றிவிடச் சொல்லிக் கேட்டேன்.

"நீங்க வேணா கழட்டிக்குங்க சகலை," என்றார். "எனக்குத்தான் எடுப்பா இருக்குன்னு உங்க கொழுந்தியாளே சொன்னா."

நல்ல இறால் வந்திருக்கிறது, உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இலவசம் என்றால் அவர் மறுபேச்சு பேச மாட்டார். அவர் குனிந்து பெரிய இறாலாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கதவின் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வகை. சற்று நேரத்தில் தட்டினார். பதிலுக்கு நான் மூன்று தட்டு தட்டினேன். உடனே உள்ளேயிருந்தும் மூன்று தட்டு. பாருங்கள், அந்த நேரத்திலும் காப்பி.

படம் நன்றாக வந்திருக்கிறது. சின்னவருக்கு அவசர வேலை என்று சொல்லிவிட்டேன். மாமியார் என்னைப் பார்த்து, "பெரிய மாப்பிள்ளை, நடுவுல வந்து நில்லுங்க" என்றார். இத்தனை வருடத்தில் அவர் ஆள் மாறாமல் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கதவைத் திறந்தபோது இறால் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்துக்குட்டை விறைத்துப்போய், அந்த அலட்சியம் கொஞ்சமும் மிச்சமில்லை. அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு ஆள் குழம்பக் கூடாதே என்று அவர் தொப்பியை மட்டும் அடுத்த காதுப் பக்கம் சாய்த்து வைத்தேன்.

துணிக்கடைக்காரர் உங்களிடம் வந்து ஏதோ சொன்னாராமே. கண்ணாடிக்குள் நின்ற பொம்மையின் உடம்பிலிருந்து தொப்பி முதல் காலுறை வரை அப்படியே கழற்றித் தரச்சொல்லி நான் வாங்கிப்போனதாக. உண்மைதான். அதைப் போய்க் காப்பி என்கிறீர்களா? அது வெறும் பொம்மை, ஐயா. உள்ளே ஒன்றுமே கிடையாது. அந்த உடையை முதன்முதலில் போட்ட மனிதன் நான்தான்.