வெள்ளையாகத் தெரியும் இடம்

— இன்னொருக்கா சொல்லுங்க டாக்டரம்மா. இந்த வெள்ளையாத் தெரியறதுதானுங்களா என்ற நோவு?

— நோவை யாரும் படம் பிடிக்க முடியாது அர்த்தநாரி. இது வீக்கம். முதுகுத்தண்டு வந்து இடுப்பெலும்போட சேர்ற மூட்டு இது. ரெண்டு பக்கமும் எலும்புக்குள்ள நீர் கோத்திருக்கு. எம்.ஆர்.ஐ.ல அது வெள்ளையாத் தெரியும். நல்லா இருக்கிறவங்களுக்கு இந்த இடம் கருப்பா இருக்கும், சரிங்களா?

— அப்ப எடப்பாடியில எடுத்த எக்ஸ்ரே? 'எலும்பெல்லாம் கல்லாட்ட இருக்குது, போயித் தறிய ஓட்டு'ன்னு சொல்லிப்போட்டாங்களே.

— எலும்பு உருமாறின பிறகுதான் எக்ஸ்ரேயில தெரியும். அதுக்கு வருஷக்கணக்குல ஆகலாம். இது முன்னாடியே காட்டிடும், சரிங்களா? காலையில எந்திரிக்கிறப்போ எப்படி இருக்கும்?

— பலகையாட்டங்க. ஒருக்களிச்சு, கையூனி, செவுத்தப் புடிச்சுத்தான் எந்திரிக்கோணும். தறிக்கிட்ட நாலு எட்டு அங்கியும் இங்கியும் நடந்தா, வெயிலேற ஏற இளகிப்போகுமுங்க. அதனாலதான் ஆரும் நம்பல. 'காத்தால நடிக்கறான், மத்தியானம் தறி ஓட்டறான்'னு என்ற அப்பனே சொன்னாருங்க.

— படுத்தா அதிகமாகுது, நடந்தா குறையுது. இந்த நோயோட குணமே அதுதான். ராத்திரி வலியில முழிப்பு வருமா?

— வருமுங்க. கோழி கூவறதுக்கு முன்னாலயே வந்துரும். சட்டைய மாட்டிட்டு வாய்க்கா மேட்டுல நடப்பனுங்க, அது அடங்கற வரைக்கும். அந்த நடைதானுங்க என்ற குடும்பத்தயே கலைச்சுப்போட்டுது.

— புரியலையே.

— கட்டுனவ முழிச்சுப் பாக்கறா, பக்கத்துல புருசன் இல்லீங்க. 'எங்க போனீங்க'ன்னா, 'காத்து வாங்க'ங்கறேன். ஒருத்தன் தெனமும் காத்து வாங்குவானுங்களா? ஊருக்குள்ள கண்டபடி பேச ஆரம்பிச்சுட்டாங்க. அவ சண்டை சச்சரவு எதும் பண்ணலீங்க. போன ஆடியில துணிமணிய எடுத்துட்டு மோகனூருக்கு, அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா.

— வலிக்குதுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?

— எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லன்னு ஆன பொறவு எந்த வாயில சொல்றதுங்க? பெத்தவனே நம்பல. அவளுஞ் சிரிச்சுப்போட்டா நான் தாங்கமாட்டனுங்க.

— இன்னைக்குக் கூட யார் வந்திருக்காங்க?

— ஆருமில்லீங்க. ஸ்கேன் மெசினுக்குள்ள போறப்ப அங்க இருந்த புள்ள, 'மோதரத்தயும் பர்சயும் உங்க கூட வந்தவங்ககிட்டக் குடுத்துருங்க'ன்னுது. கையில வெச்சுட்டு முழிச்சுட்டு நின்னனுங்க. பொறவு அந்தப் புள்ளயே வாங்கி வெச்சுக்கிச்சு.

— மருந்து ஆரம்பிக்கணும். தினமும் பயிற்சி பண்ணணும். விட்டுட்டா தண்டெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி முதுகு வளைஞ்சிரும். வீட்டுல ஒருத்தருக்காவது இது தெரியணும், சரிங்களா?

— ஒரு ஒத்தாசைங்க டாக்டரம்மா. என்ற ஊட்டுக்காரி மதுமதிகிட்ட நீங்க சொல்றீங்களா? நான் கூப்புட்டா எடுக்கமாட்டா. இந்த வெள்ளையச் சொல்லுங்க. எவ ஊட்டுக்கும் நான் போகலைன்னு சொல்லுங்க. நீங்க படத்தப் பார்த்துச் சொன்னா நம்பீருவா.

— நம்பர் சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்... ஹலோ, மதுமதிங்களா? சேலத்துல இருந்து டாக்டர் லிடியா பேசறேன். உங்க வீட்டுக்காரர் அர்த்தநாரி என் பக்கத்துலதான் இருக்கார்.

— ஐயோ, அவருக்கு என்னங்க?

— உயிருக்கு ஒண்ணுமில்லம்மா. முதுகுல வாதம். ஸ்கேன்ல தெளிவா இருக்கு. ராத்திரியில எந்திரிச்சு நடந்ததெல்லாம் அந்த வலியாலதான். நீங்க சந்தேகப்பட்ட மாதிரி எதுவும்...

— சந்தேகமுங்களா? ஆருங்க சொன்னது? ஒருநாளு பொறத்தாலயே போயிப் பார்த்தனுங்க டாக்டர். இடுப்பப் புடிச்சுட்டு, பல்லக் கடிச்சுட்டு, ஒத்தையில நடந்துட்டிருந்தாரு. வலின்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சுங்க. அதுக்கப்புறமும் தெனந்தெனம் எங்க போனீங்கன்னு கேட்டேன், இன்னைக்காவது எங்கிட்டச் சொல்லுவாரான்னு. காத்து வாங்கன்னே சொன்னாருங்க. நோவுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட நானு ஆளில்லைன்னு ஆயிப்போச்சு, அதனாலதானுங்க வந்துட்டேன்.