பெட்டிக் காட்சியில் வரும் விசில்

குழந்தைகளை வைத்துப் படமெடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, தம்பி. மிட்டாயைக் கொடுத்தால் சிரிப்பார்கள், பிடுங்கினால் அழுவார்கள். நடிக்கத் தெரிந்த குழந்தைதான் தலைவலி.

எங்கள் வாலு அப்படிப்பட்டவள். படத்துக்குத் துணி தைத்த அக்காவின் ஒரே மகள். கதைப்படி அவள் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு தட்டுவாள். குண்டு மாமா ஒவ்வொரு தட்டலுக்கும் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து பார்ப்பார். இன்றைக்கும் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிக்கிற இடம் அது.

"இவளுக்கு மூச்சிழுப்பு வரும் சார். காத்துப் போக ஓட்டை போட்டுடுங்க" என்று அக்கா முதலிலேயே சொல்லியிருந்தாள். தச்சர் போட்டார். கேமராவில் அது அசிங்கமாகத் தெரிந்தது. காலையில் நானே மெழுகு வைத்து அடைத்தேன். ஒத்திகையில் வாலு பாட்டுக்குத் தாளம் போடுவதுபோலத் தட்டினாள். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. அதனால் அவளிடம் சொல்லாமல் பெட்டியின் வெளிக்கொக்கியையும் மாட்டினேன்.

என் படப்பிடிப்பில் ஒரே சட்டம்தான். நான் 'கட்' சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது.

தட்டல் வேகமெடுத்தது. மாமா பிரமாதமாக ஓடினார். பிறகு தட்டல் தேய்ந்தது. ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஓட்டை இருக்கிற தைரியத்தில் அக்கா ஊசியும் நூலுமாக ஓரத்தில் நின்றாள். பிலிம் தீரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்தபோது வாலுவுக்கு மூச்சில்லை.

கொக்கி தானாக விழுந்துவிட்டது என்று விசாரணையில் சொன்னேன். மெழுகை அதற்குள் சுரண்டியாகிவிட்டது.

அந்த இடத்தில் ஏன் விசில் இசை என்று கேட்டீர்கள். அங்கே அவள் இரண்டு தடவை "அம்மா" என்று கூப்பிட்டாள். தட்டலை அப்படியே வைத்துக்கொண்டு, அதை மட்டும் விசிலால் மூடச் சொன்னேன்.

அடக்கம் முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தாள். "எனக்குக் கேட்டுச்சு சார். எம்பொண்ணு இவ்வளவு நல்லா நடிக்கிறாளேன்னு நெனச்சுட்டேன். ஓடிப்போய்த் திறந்திருக்கலாம்ல?"

எனக்கு மனசு தாங்கவில்லை. நானும் மனிதன்தானே. அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன்.

"அப்படியெல்லாம் நெனச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்கக்கா. நீங்க ஓடியிருந்தா ஷாட் கெட்டுப்போயிருக்கும்."