உடைந்தால் மட்டும்

உங்கள் ஜீப்பின் முன் டயர் உள்பக்கமாகத் தேய்கிறது. ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தபோது பார்த்தேன். வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். காற்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய முடியாது.

இதைச் சொல்ல நான் வரவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை, அதனால் சொன்னேன்.

பழைய வண்டிகள் விற்கும் நிறுவனத்தில் வாரன்டிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஓடிய வண்டிகளை வாங்கி, கழுவி, சரிபார்த்து, ஒரு வருட வாரன்டியோடு விற்கிறோம். பழுது என்று யாராவது வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தால், அது வாரன்டியில் வருமா வராதா என்று சொல்வது என் வேலை. விதி ஒன்றுதான். உடைந்தால் கவர் ஆகும். தேய்ந்தால் ஆகாது. பழைய வண்டி என்றாலே தேய்ந்த வண்டிதானே. அதற்கெல்லாம் பொறுப்பேற்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

விளக்கிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நர்சரிக்காரரும் தலையாட்டுகிறவர்தான். செடிகள் வளர்த்து விற்கிறார். தொட்டிகளை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுபோய் இறக்குவதற்காக எங்களிடம் ஒரு பிக்கப் வாங்கினார். வேறோர் இடத்தில் இதே வண்டி மலிவாகக் கிடைத்ததாம். வாரன்டியை நம்பித்தான் இங்கே வந்தேன் என்றார். வண்டி நின்றால் அவர் பிழைப்பு நின்றுவிடும். கைக்காசு போட்டுப் பழுதுபார்க்கவும் வழியில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அவர் எப்போதும் மனைவியோடுதான் வருவார். அந்த அம்மா கொஞ்சம் வாயாடி. குறையாகச் சொல்லவில்லை.

முதலில் கிளட்ச் வந்தது. தேய்மானம். அடுத்து ஃபேன் பெல்ட். அதுவும் தேய்மானம். ஃபேன் பெல்ட் அன்று அந்த அம்மா என் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“தேயாத சாமான்னு ஏதாவது ஒண்ணு இந்த வண்டியில இருக்கா சார்? நீங்களே சொல்லுங்க.”

“சும்மா இரேன்” என்றார் கணவர்.

“நான் என்ன சண்டையா போடுறேன்? தெரிஞ்சுக்கத்தானே கேக்குறேன்.”

கேள்வி நியாயமானது. யோசித்துப் பார்த்து, “ஹாரன் கவர் ஆகும்” என்றேன்.

அந்த அம்மா, காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கிட்டீங்களா? வண்டி ஓடாதாம். ஆனா நின்ன இடத்துல இருந்தே எவ்வளவு வேணா கத்திக்கலாமாம்.”

நாற்காலிகளில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. என் பின்னால் கணக்குப் பிரிவிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. கிளம்பிப் போகும்போது அந்த அம்மா, “வரட்டுமா, தேய்மானம் சார்?” என்றார்.

பெயர் ஒட்டிக்கொண்டது. ஒர்க்ஷாப்பில் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். ஒருநாள் என் மனைவி அலுவலகத்துக்கு ஃபோன் செய்தபோது, யார் பேசுகிறார்கள் என்றுகூடக் கேட்காமல், “தேய்மானம் சீட்டுல இல்லைங்க, லைன்ல இருங்க” என்றிருக்கிறாள் வரவேற்பில் இருக்கும் பெண். அன்று சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள்.

“ஏங்க, ஆபீஸ்ல உங்களுக்கு இதுவா பேரு?”

“யாரோ ஒரு கஸ்டமர் வச்சது.”

“யாரா இருந்தாலும் பொருத்தமா வச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த வகையில் நல்லதுதான்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை. வேறு யாராவது உங்களிடம் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா கையில் ஒரு சின்னத் தொட்டி இருந்தது. கள்ளிச்செடி.

“உங்க மேசைக்குக் கொண்டாந்தேன் சார். இது தேயாது, வளரும். தைரியமா வாங்கிக்கங்க.”

வாடிக்கையாளர்களிடம் நான் எதுவும் வாங்குவதில்லை. சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, “வாங்கினா வாரன்டி கேப்பேன்னு பயந்துட்டார்” என்று கணவரிடம் சொன்னார். அப்போதும் சிலர் சிரித்தார்கள்.

அந்த முறை அவர்கள் வந்தது முன்பக்கச் சத்தத்துக்காக. பள்ளத்தில் இறங்கி ஏறினால் லொடக் லொடக்கென்று கேட்டதாம். ஃபோர்மேன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

முன்சக்கரத்தைத் தாங்குகிற மூட்டுக்கு பால் ஜாயின்ட் என்று பெயர். நம் தோள்மூட்டு மாதிரி. கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. அது விட்டுப்போனால் சக்கரம் மடிந்துவிடும். இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தன. ஃபோர்மேன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

“பாவம் சார். வாரன்டியும் முடியப்போகுது. உடைஞ்சுபோச்சுன்னு எழுதி விட்டுருங்க. யாரு வந்து பாக்கப்போறா?”

“உடைஞ்சிருக்கா?”

“இல்ல. ஆடுது.”

“அப்போ ஆடுதுன்னுதான் எழுதணும்.”

“நீங்க மாறவே மாட்டீங்க சார்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் பொய் எழுதியதில்லை. இத்தனை வருடங்களில் நான் ஒப்புக்கொண்ட ஒரு கிளெய்ம்கூடத் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. காரணம் அதுதான்.

வெளியே வந்து கணவன் மனைவி இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். தேய்மானம், கவர் ஆகாது. உடைந்தால் மட்டும் ஆகும்.

நர்சரிக்காரர் தயங்கிக்கொண்டே கேட்டார். “எப்ப சார் உடையும்?”

பிரசவம் எப்போது என்று டாக்டரிடம் கேட்பதுபோல இருந்தது.

“சொல்ல முடியாது.”

“வாரன்டி முடியுறதுக்குள்ள உடைஞ்சிடுமா சார்?”

“அதையும் சொல்ல முடியாது. எதுக்கும் மெதுவா ஓட்டுங்க.”

“நல்லா இருக்கு” என்றார் அந்த அம்மா. “எப்ப உடையும் எப்ப உடையும்னு வேண்டிக்கிட்டே ஓட்டணும். அப்படியே உடைஞ்சாலும் மெதுவா உடையணும். சார், என் முழங்காலும் இதே மாதிரி லொடக்குனு சத்தம் போடுது. உடைச்சுக்கிட்டு வரவா?”

வண்டியை இறக்கிக் கொடுக்கச் சாப்பாட்டு நேரம் முடிய வேண்டும், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அந்த அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதைத்தான் யோசித்தேன். அந்த மூட்டு எப்படியும் ஒருநாள் உடையப்போகிறது. வாரன்டி முடிந்தபின் உடைந்தால் அவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். முடியுமுன் உடைந்தால் நாங்கள் மாற்றிக் கொடுப்போம். தேவைப்பட்டது கொஞ்சம் அவசரம் மட்டுமே. ஃபோர்மேன் சொன்ன வழியில் போனால் நான் பொய் எழுத வேண்டியிருக்கும். என் வழியில் போனால் நான் எழுதுவது உண்மையாக இருக்கும்.

ஒர்க்ஷாப்பில் யாருமில்லை. அலுவலக வேலைக்கு வருமுன் நானும் ஃபிட்டராக இருந்தவன்தான். ரப்பர் உறையை விலக்கி, குண்டின் கழுத்தில் அரத்தால் ராவினேன். அதிகமில்லை. ராவிய தூளைத் துணியால் துடைத்துவிட்டு உறையைப் பழையபடி மூடினேன். கை கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன்.

அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிறகு கிளெய்ம் கேட்கும்போது தெரியாததுபோல நடிக்க வேண்டியிருக்கும். அவர்களைப் பொய் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்லை.

இந்த மூட்டுகள் பெரும்பாலும் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போதுதான் உடையும். வீட்டு வாசலில், இல்லையென்றால் கடை வாசலில். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இழுத்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அப்படித்தான். மெதுவாக ஓட்டச் சொல்லியும் இருந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு ஃபோன் அடிக்கும்போதெல்லாம் நர்சரிக்காரராக இருக்குமோ என்று எடுத்தேன். இல்லை. வாரன்டி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் ராவியது போதவில்லையோ என்று கவலையாக இருந்தது. உண்மையில் தூக்கம்கூடக் குறைந்தது.

பாலத்துக்கு இறங்கும் சரிவில் உடைந்தது. பின்னால் தொட்டிகள் நிறைந்திருந்தன. சக்கரம் மடிந்து, வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து, கைப்பிடிச் சுவரில் இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறது. அந்த அம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நர்சரிக்காரர் ஒரு கையில் கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் தம்பி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “உடைஞ்சிடுச்சு சார்” என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். தேதியைப் பார்த்தேன். வாரன்டிக்குள் இருந்தது. அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். பால் ஜாயின்ட் முழுவதும் கவர் ஆனது, கூலி உட்பட. கதவு, கண்ணாடி, கூரை இதெல்லாம் விபத்துச் சேதம், வாரன்டியில் வராது. அதையும் பக்குவமாகத்தான் சொன்னேன்.

தம்பி எழுந்து நின்றுவிட்டார். “யோவ், எங்க அக்கா போய்ச் சேந்துட்டா. நீ பால் ஜாயின்ட்டு தர்றேன்னு சொல்ற?”

“விடு மச்சான்” என்றார் நர்சரிக்காரர். “சார் என்ன பண்ணுவாரு? அவர் அன்னைக்கே மெதுவா ஓட்டச் சொன்னாரு. நான்தான் லோடு இருக்கேன்னு வேகமாப் போயிட்டேன். தப்பு என்மேலதான்.”

அவர் அப்படி நினைப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் வாதாடுவது மரியாதை இல்லை. “கையைப் பாத்துக்கங்க” என்று சொல்லி வாசல்வரை போய் அனுப்பிவைத்தேன்.

இங்கே வந்த காரணத்துக்கு வருகிறேன்.

தலைமை அலுவலகம் அந்த கிளெய்மை நிராகரித்துவிட்டது. காரணம்: தேய்மானம். உங்கள் அறிக்கையையே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். மூட்டு தேய்ந்து விட்டுப்போனதால் விபத்து என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தவறு. உடைந்த துண்டு உங்களிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். தேய்ந்த இடம் வழவழவென்று இருக்கும். அரம் பட்ட இடம் கோடு கோடாக இருக்கும். விரல் வைத்தாலே தெரியும். உங்கள் ஆட்கள் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

நான் ஒப்புக்கொண்டது திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. வந்த அன்று ஒர்க்ஷாப்பில், “தேய்மானத்துக்கே தேய்மானமா?” என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அதற்காக வரவில்லை. தப்பான காரணம் பதிவாகிவிடக் கூடாது, அதற்காக வந்தேன்.

வேண்டுமென்றே செய்த சேதத்துக்கும் வாரன்டி கிடையாதே என்று நீங்கள் சொல்வது சரி. எனக்குத் தெரியும். நான் சொன்னதைப் பதிவு செய்தாலும் நர்சரிக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. என் மேசைக்கு வந்தால் நானே நிராகரிப்பேன். ஆனால் சரியான காரணத்துக்காக நிராகரிப்பேன். அதில் வித்தியாசம் இருக்கிறது. உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் தெரியாது. ஃபோர்மேனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம், அவர் சாப்பிடப் போயிருந்தார்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருக்க, ஏன் இடப்பக்கத்தை ராவினீர்கள் என்று கேட்கிறீர்கள். கிளெய்முக்கு ஒரு பக்கம் உடைந்தால் போதும், எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒன்றுதான். நான் முதலில் வலப்பக்கம்தான் போனேன். அரத்தைக்கூட வைத்துவிட்டேன். அது ஓட்டுகிறவர் பக்கம். நல்ல மனிதர்; என்னை ஒருநாளும் சார் என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. அவர் பக்கம் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.