எர்த் இல்லாத வீடுகள்

நான் வெந்நீரில் குளிப்பதில்லை, மேடம். கீசர் கம்பெனி நடத்துகிறவன் இப்படிச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் மார்கழியிலும் பச்சைத் தண்ணீர்தான். சின்ன வயதுப் பழக்கம்.

கிளமென்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பா அரியமங்கலத்தில் ஒரு ஷெட்டில் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் விற்பனைக்கு வந்துவிட்டார். பத்தொன்பது வருடம். ஏழு வருடத்துக்கு முன் நான் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து பொறுப்பேற்றபோது, இந்த ஊரின் ஒவ்வொரு சந்தும் அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர். இதை வருத்தத்தோடு சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வளர்ச்சி நின்றுபோனது. புதிய அடுக்குமாடிகளில் பெரிய கம்பெனிகள் உட்கார்ந்துவிட்டன. நான் திருச்சி வரைபடத்தை மேஜையில் விரித்து ஒரு வாரம் யோசித்தேன். பாலக்கரையில் நெருக்கி நெருக்கிக் கட்டிய பழைய வீடுகள், ஸ்ரீரங்கத்தின் பின்தெருக்கள், லால்குடி, பெரம்பலூர். இதுவரை கீசரே வாங்காத குடும்பங்கள். பெரிய கம்பெனிகள் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. மூன்று லிட்டரில் சின்னதாக, மலிவாக ஒரு கீசர் செய்து அங்கே போவது என்று முடிவெடுத்தேன். விலை இறங்க வேண்டும் என்பதால் உள்ளே இருக்கும் ஹீட்டிங் எலிமென்ட்டை வேறு இடத்தில் வாங்கினோம். திட்டம் சரியான திட்டம். இப்போதும் அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் திட்டம் ஒரு பக்கம் போனால், விற்பனை இன்னொரு பக்கம் நின்றது. ஏன் என்று பார்க்க ஒரு நாள் கிளமென்ட்டோடு நானே பாலக்கரைக்குப் போனேன். ஒரு தையல்காரர் வீடு. அவர் மனைவி ஜெஸிமா வாங்குவதற்குத் தயாராக இருந்தார். கிளமென்ட் குளியலறைப் பக்கம் போய் ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்க வீட்ல எர்த் இல்லீங்கம்மா. முதல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போட்டுடுங்க. நான் அடுத்த மாசம் வரேன்."

கையில் இருந்த படிவத்தில் 'எர்த் உண்டா?' என்ற நான்காவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதி, கோடு போட்டு மூடினார். அன்று பார்த்த பத்து வீடுகளில் ஆறு அப்படித்தான் முடிந்தன.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"எர்த் இல்லாம மாட்டினா என்ன ஆகும், கிளமென்ட்?"

"உள்ள எலிமென்ட் வெடிச்சா கரண்ட் நேரா தண்ணில வந்துடும் சார். எர்த் இருந்தா அது வழியா போயிடும். இல்லைன்னா குளிக்கிற ஆள் வழியாதான் போகும்."

"அடிக்கடி வெடிக்குமா?"

"எப்பவாவது ஒண்ணு."

எப்பவாவது என்பது அவருடைய வார்த்தை. அதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

படிவத்திலிருந்து நான்காவது கேள்வியை எடுத்தேன். மாட்டிய ஒவ்வொரு கீசருக்கும் விற்பனையாளருக்குப் புள்ளிகள் வைத்தேன். ஒரு கீசர் திரும்பி வந்தால் குழு முழுவதற்கும் புள்ளி குறையும் என்றேன். ஒருவரையும் திட்டவில்லை, மிரட்டவில்லை. கம்பெனி எங்கே போக வேண்டுமோ அங்கே அவர்கள் கால்கள் தாமாகத் திரும்பின. நான்கு மாதத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். முக்கொம்பில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டு, திட்டமும் விற்பனையும் ஒன்றாக நடந்தால் என்ன நடக்கும் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பையன்கள் கை தட்டினார்கள். கிளமென்ட் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதே பதினான்கு கீசர்கள் திரும்பி வந்திருந்தன. வேறு யாரும் புகாரை வாங்குவதில்லை. வாங்கினால் புள்ளி போகும். கிளமென்ட் மட்டும் வாங்கினார். ஒவ்வொன்றின் மேலும் 'ஷாக்' என்று மார்க்கரில் எழுதி, வரிசை எண்ணைத் தன் டைரியில் குறித்துக்கொண்டு குடோனில் அடுக்கினார்.

பிறகு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அரவிந்தவல்லி மாமி காலமானார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், எழுபத்திரண்டு வயது. குளியலறையில் விழுந்துகிடந்தார். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த வயதில் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. நானும் போய் அவர் பிள்ளையிடம், "ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா, மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். குளியலறைச் சுவரில் எங்கள் கீசர் இருந்ததைப் பார்த்தேன்.

கிளமென்ட்டும் போயிருக்கிறார். அவர் டெஸ்டரோடு போனார்.

மறுநாள் என் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"குழாய்ல டெஸ்டர் வச்சேன் சார். லைட் எரியுது. அந்தம்மா மாரடைப்புல போகலை."

நான் கதவைச் சாத்தினேன்.

"என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

"அறுநூறு வீட்டுக்கும் ஆள் போகணும் சார். எர்த் பாக்கற வரைக்கும் ஸ்விட்ச் போடாதீங்கன்னு சொல்லணும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

இரண்டு வாரத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள் எங்கள் கம்பெனியில் பங்கு வாங்கிக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்று சொன்னார்.

"எங்க வீட்டுலயே எர்த் கிடையாது சார். வாடகை வீடு, ஓனர் போட மாட்டேங்கறார். அதனாலதான் இத்தனை வருஷமா நானே ஒரு கீசர் மாட்டிக்கலை. என் வீட்டுக்காரி பிரான்சிக்கு முட்டி வலி, வெந்நித் தண்ணிய அடுப்புல இருந்து தூக்கிட்டு நடக்க முடியலை. அப்பவும் மாட்டலை."

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் கேட்கவில்லை.

அவர் சொன்னதை ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து எல்லா வீட்டுக்கும் போகலாம் என்றேன். அதற்கு முன் பெரம்பலூர், அரியலூர் கடைகளுக்குப் போய், அங்கே வாங்கியவர்களின் விலாசங்களைத் திரட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து, "உங்க அப்பா மாதிரியே இருக்கீங்க சார்" என்றார். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினார்.

அவர் மனைவி பிரான்சிக்கு நான்தான் போன் செய்தேன்.

"பத்தொன்பது வருஷ சர்வீஸுக்குக் கம்பெனி கிஃப்ட்டுங்க. இன்னைக்கு ஆள் வந்து மாட்டிடுவார்."

"ஐயோ, அவரு வேணாம்பாரு சார்."

"அவர்கிட்ட சொல்லாதீங்க. வந்து பாத்து சந்தோஷப்படட்டும்."

அந்தம்மா சிரித்தார். "நாளைக்குக் காலைல வந்துடுவாரு சார். பஸ்ஸுல வந்த அலுப்புக்கு வெந்நில குளிக்கட்டும்."

கீசர் மாட்டப் போனவர் சுரேஷ்குமார். சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அங்கிருந்து எனக்குப் போன் செய்து, "சார், இங்க எர்த் இல்லையே" என்றார். மாட்டிவிட்டு வரச் சொன்னேன். அவர்மீது தவறில்லை. அதை வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இதுதான். மறுநாள் ஞாயிறு. ஊரிலிருந்து திரும்பினால் கிளமென்ட் நேராகக் குளிக்கத்தான் போவார், பிறகு சர்ச்சுக்கு; பஸ் அலுப்பில், சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன்பே குழாயில் கை வைத்துவிடுவார். கீசர் விற்கிறவர் தன் வீட்டிலேயே எர்த் பார்க்காமல் மாட்டிக்கொண்டார் என்று ஊர் பேசும். அவர் எழுதிவைத்தது எதையும் அதன் பிறகு ஒருவரும் பொருட்படுத்த மாட்டார்கள். இரண்டு வாரம் கடந்துவிடும். கையெழுத்து ஆன பிறகு நானே எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்புவதாக இருந்தேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை.

பெரம்பலூர் பஸ் வழியில் டயர் பஞ்சராகி நின்றதாம். கிளமென்ட் முக்கால் மணி நேரம் தாமதமாக வீடு வந்தார். அவர் வந்ததும் குளிக்கட்டும் என்று பிரான்சி கீசரைப் போட்டு வாளியை நிரப்பியிருக்கிறார். சூடு போதுமா என்று ஒரு கையைத் தண்ணீரில் விட்டிருக்கிறார். இன்னொரு கை குழாயில் இருந்தது. கிளமென்ட் கதவைத் தட்டியபோது உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டதாம்.

அடக்கத்துக்கு நான் மாலையோடு போனேன். அது முடிந்ததும் கிளமென்ட் வீட்டுக்குப் போய்ச் சுவரிலிருந்த கீசரைக் கழற்றி, அடியில் இருந்த வரிசை எண்ணை டைரியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அதன் பிறகுதான் உங்களிடம் வந்தார்.

ஆம், அது திரும்பி வந்த பதினான்கில் ஒன்று. குடோனுக்குப் போய் நானே எடுத்தேன். 'ஷாக்' என்று எழுதியிருந்ததைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு, புது அட்டைப்பெட்டியில் வைத்து சுரேஷ்குமாரிடம் கொடுத்தேன்.

கிளமென்ட் இப்போது டெஸ்டரோடு வீடு வீடாகப் போய் ஸ்விட்ச்சை அணைக்கச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாளைக்கு நாற்பது வீடாம். எங்களுக்காகப் போனபோது ஒரு நாளும் அவர் பத்து வீட்டைத் தாண்டியதில்லை. பெரம்பலூர் விலாசங்கள் அவரிடமே இருக்கின்றன. மற்றவை என் மேஜையின் இடது டிராயரில். நீங்கள் இப்போதுதான் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

கொலை என்று எழுதுங்கள், மேடம், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கிளமென்ட்டைக் கொல்ல முயன்றேன் என்று எழுத வேண்டும், அதுதான் உண்மை. பிரான்சி அம்மாவுக்கு நடந்தது விபத்து. அவர்களிடம் எனக்கு எந்த விரோதமும் கிடையாது.