நெற்றியில் ஊற்றிய தண்ணீர்

மாரண்டஹள்ளிக்குப் போகும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரே தெருக்காரப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் தன் குழந்தையைத் தருமபுரிக் கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"காச்சல் கொறஞ்சிடுங்களாக்கா? அந்த சிஸ்டரம்மா காலையிலிருந்து புள்ளைய மடிய வுட்டு எறக்கல. நெத்தியிலகூட தண்ணி ஊத்துனாங்க."

கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த மூத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தன தடவ?"

"மூணு தடவைங்க. ஏதோ மந்திரமாட்டம் சொல்லிக்கிட்டே ஊத்துனாங்க."

பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்குத்தான் கன்னியர் அப்படி அவசரமாக ஞானஸ்நானம் கொடுப்பார்கள். மூத்தவள் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"நீ இப்ப எதுக்கு வூட்டுக்குப் போற?"

"பெரியவனுக்குக் கஞ்சி காச்சி வச்சிட்டு, பொழுது சாயத் திரும்பிடுவங்க."

"கஞ்சிய நான் காச்சுறேன். நீ இங்கயே எறங்கித் திரும்பிப் போ."